பனியோ, புகையோ? மணிமேகலையின் அளவைக் காதைகள்

விழா எதுவாயினும் நம் மேடைகளில் மணிமேகலைக்கு ஓர் இடம் உண்டு. அமுதசுரபி வற்றாது சோறு வழங்கியதும், காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசி தணிந்ததும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் சொற்பொழிவாளர் வாயிலாக நாம் எத்தனையோ முறை கேட்டவை. கேட்குந்தோறும் உள்ளம் உருகுகிறது. அதனைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் அந்நூலின் 30 காதைகளுள் 27ஆம் காதையும் 29ஆம் காதையும் எங்கே போயின என்று கேட்கவேண்டியிருக்கிறது. ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்பதும், ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’ என்பதும் எந்த விழாவிலும் மேடையேறி நாம் கண்டதில்லை. படித்தவர்களைக் கேட்டால், “அவை தருக்கம், நமக்கெதற்கு?” என்கிறார்கள். புலவர்களைக் கேட்டாலோ, “கவிச்சுவை குன்றிய பகுதிகள்” என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நம் கருத்து வேறு. மனிதன் எவ்வாறு எண்ணுகிறான், எண்ணும்போது எவ்விடத்தில் வழுக்கி விழுகிறான் என்பதைத் தமிழில் எடுத்துரைக்கும் மிகப் பழைய பகுதிகளுள் அவை சேர்ந்தவை. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு அமுதசுரபியினும் அவை இன்று பெரிதும் வேண்டப்படுவன. அதனை இங்கே காட்ட முயல்வோம்; அப்பகுதிகளின் குறைகளையும் மறையாது கூறுவோம்.

கியா பார்மில் ஒரு காலை

கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி மேலே செல்லும் சாலையில் கியா பார்ம் இருக்கிறது. காய்கறிச் சந்தைக்கும் ஸ்ட்ராபெரிப் பழத்துக்கும் பேர் போன இடம். அதற்கு அணித்தாகவே தேயிலைச் சரிவுகள் தொடங்கிவிடுகின்றன. அங்கே ஒரு நண்பர் வீட்டில் ஓரிரவு தங்கினோம். விடியற்காலையில் எதிர்ச்சரிவின் அடியிலிருந்து வெண்மையாக ஏதோ எழுந்து மேலேறிக்கொண்டிருந்தது.

“அங்க பாரு, மறுபடியும் குப்பையக் கொளுத்துறாங்க,” என்றார் நண்பரின் தாயார்.

“அது பனி, பாட்டி,” என்றாள் பத்து வயதுப் பேத்தி.

“புகைதான்டி. நேத்துகூட அங்கதானே கொளுத்தினாங்க!”

“இருங்க பாட்டி, வெயில் ஏறட்டும். பனின்னா கலைஞ்சிடும். புகைன்னா கலையாது, வாடையும் வரும்.”

வெயில் ஏறியது, வெண்மை கலைந்தது, வாடை வரவில்லை. பாட்டி சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் போய்விட்டார். காட்சி அவ்வளவே. ஆயினும் நமக்கு 29ஆம் காதை உடனே நினைவுக்கு வந்தது. என்னை? அங்கே காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கையில், ஏதுப்போலி வகைகளுள் சித்தாசித்தம் என்று ஒன்றைக் கூறுகிறார். எழுவது ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராதிருக்கும்போதே, அதனைப் புகை என்று கொண்டு, ‘அங்கே நெருப்பு உண்டு’ எனத் துணிவதே அவ்வழுவுக்கு அவர் காட்டும் உதாரணம். காஞ்சியில் சொன்னது கியா பார்ம் வாசற்படியில் கண்முன் நிகழ்ந்தது.

இதில் பாட்டியை நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நேற்று அங்கே குப்பை கொளுத்தியது மெய். நேற்றுக் கண்டது இன்றைய கண்ணை நிறைத்துக்கொண்டது. நம் எல்லாருடைய எண்ணமும் இப்படித்தான் நடக்கிறது: முன் கண்டதைக் கொண்டு முன்னே நிற்பதை விரைந்து முடிவு கட்டுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுவதால் அதனை நம்பிப் பழகிவிட்டோம். பேத்தி பாட்டியினும் அறிவிற் சிறந்தவள் என்பதன்று; அவள் ஒன்றைச் செய்தாள். பனிக்கும் புகைக்கும் எதிலே வேறுபாடு என்று கேட்டு, அவ்வேறுபாடு வெளிப்படும்வரை பொறுத்திருந்தாள். இந்தப் பொறுமையையே சாத்தனார் இரு காதைகளில் நமக்குக் கற்பிக்கிறார்.

எட்டு வழுக்கள்

மணிமேகலை வஞ்சி மாநகரிலே அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயவாதிகளையும் கண்டு, ஒவ்வொருவர் கொள்கையையும் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அறிவை அடையும் வழிகள் காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலாகப் பத்து என்று எண்ணிக் காட்டுகிறான். அதன்பின் அவ்வழிகளைப் போலத் தோன்றி நம்மை ஏமாற்றுவன எட்டு என்கிறான். சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. மேனாட்டிலே பிரான்சிஸ் பேக்கன் 1620இல், மனித அறிவை மயக்கும் நான்கு பொய்யுருவங்களை வகுத்துக் காட்டியதை நம் மாணவர் படிக்கின்றனர். அதற்குப் பன்னூறாண்டு முன்பே தமிழ்ப் புலவர் ஒருவர் எட்டு வழுக்களைப் பாட்டிலே அமைத்ததை அறிந்தவர் எத்தனை பேர்? பழமை பாராட்டி மார்தட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. பயன்படுத்தாத கருவி துருப்பிடிக்கும் என்பதற்காகக் கூறுகிறோம்.

எட்டனுள் சிலவற்றை நம் வாழ்வோடு ஒட்டிப் பார்ப்போம்.

சுட்டுணர்வு என்பது ‘ஏதோ ஒன்று உளது’ என்னும் அளவில் நின்றுவிடும் அறிவு. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்து, உயரத்திலே பரந்த மேட்டுநிலம் ஒன்று உளது என்று எழுதினார். ஆனால் அதன் இடத்தை வரைபடத்தில் திட்டமாகக் குறிக்கவில்லை. அவர் பெயரையே தாங்கிய நிலம் பயன்பாட்டுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது அதன் பின்னரே. ‘உளது’ என்பதோடு நின்ற அறிவு எத்துணைக் காலம் பயனற்றுக் கிடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடுத்து ஐயமும் தேராது தெளிதலும். தூரத்தில் நிற்பது நட்ட கட்டையோ ஆளோ என்று மயங்கி நிற்பது ஐயம். செண்டாடும் வெளியில் நிற்கும் அதே கட்டையை, ஆராயாது ஆள் என்றே முடிவுகட்டுவது தேராது தெளிதல். இரண்டிற்கும் ஒரே கட்டையை உதாரணமாக வைத்தது புலவரின் நுட்பம். ஆயினும் இங்கே நாம் அளவைவாதியோடு மாறுபடவேண்டியிருக்கிறது. ஐயத்தையும் வழு என்று எண்ணி ஏனையவற்றோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டான். ஐயம் அறிவாகாது என்பது சரி. ஆனால் ஐயம் இன்றேல் ஆராய்ச்சி ஏது? அமெரிக்கப் பேராசிரியர் ஜான் டியூயி, நாம் எவ்வாறு சிந்திக்கிறோம் என்பதைப் பொருளாகக்கொண்டு 1910இல் எழுதிய நூலில், வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் மயங்கி நிற்கும்போதுதான் சிந்தனை பிறக்கிறது என்றார். ஐயத்திலே குடியிருப்பது குற்றமாகலாம். ஐயத்தின் வழியாகச் செல்வது குற்றமன்று. தேராது தெளிதல் என்னும் நோய்க்கு மருந்தே ஐயம்தான்.

அந்நோய் நம்மிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. இன்று மலைத் தோட்டங்களில் தமிழர் கை குறைந்து, வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் கை மிகுந்திருக்கிறது. ஒரு பொருள் காணாமற் போனால், “அவனுங்க வேலையாத்தான் இருக்கும்” என்று நம்மவர் சொல்வதை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். கட்டை நின்றது, ஆளாக்கிவிட்டார்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்திறங்கிய காலத்தில் நம்மைப் பற்றியும் இப்படியே பேசினார்கள் அல்லவா? தோட்டத்தில் கூலி வேலைக்கு வர மறுத்த மலாய்க்காரரைச் சோம்பேறி என்றும், வேறு வழியின்றி வந்த தமிழரைச் சொன்னதைக் கேட்கும் அடக்கமான சாதி என்றும் வெள்ளை முதலாளிகள் முடிவுகட்டினார்கள். சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில், சோம்பேறி என்னும் அப்பட்டம் யாருடைய நலனுக்காக எழுந்தது என்பதை ஆராய்ந்து அம்பலப்படுத்தினார். தேராது தெளிந்தவர்களால் துன்புற்ற நாம், அதே வழுவைப் பிறர்மீது ஏவலாமா?

கண்டுணராமைக்குப் புலவர் காட்டும் உதாரணம், கொடும்புலி அணுகி வருவதைக் கண்ணாற் கண்டும் அதனை உணராதிருத்தல். கேமரன் மலையில் ஆறுகள் செந்நிறமாக ஓடுவதைக் காணாதவர் இல்லை. மலைச்சரிவைச் சிரைத்து மண்ணைத் திறந்துவிட்டால் மழை அதனை ஆற்றில் சேர்க்கும். ஆறு அணையில் சேர்க்கும். அணையில் வண்டல் ஏறினால் நீர் தங்கும் இடம் குறையும். இவற்றுள் ஒன்றும் மறைவானதன்று. 2013 அக்டோபரில் கனமழையின்போது ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபூபக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்குமுன் செந்நீரை அன்றாடம் கண்டவர் பலர், உணர்ந்தவர் சிலர்.

இதிலே அளவை நூலுக்கும் ஒரு பாடம் உண்டு. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு, மேற்றிசையில் மழை பெய்திருக்கிறது என்று கருதுவதை ‘எச்சம்’ என்னும் அனுமானமாக அளவைவாதி கூறுகிறான். சாத்தனார் காலத்து ஆற்றுக்கு அது பொருந்தும். அணை கட்டிய ஆற்றுக்கு அது மட்டும் போதாது. மழை பெய்ததோ, மதகு திறந்ததோ, வண்டல் நிறைந்ததோ, இவை எல்லாம் கூடியதோ என்று கேட்கவேண்டும். உலகம் மாறினால் நேற்றைய அனுமானத்தையும் மறுபடி சோதிக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இல்வழக்கு என்பது முயற்கொம்பு உண்டு என்பது போன்ற பேச்சு. பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்பது இவ்வகையைச் சார்ந்தது. முயலைப் பிடித்துத் தலையைத் தடவிப் பார்த்தாலே கொம்பில்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் திருமணப் பேச்சு வந்ததும் நம் வீடுகளில் அந்தக் கொம்பை அளந்து பார்க்க ஆட்கள் வந்துவிடுகிறார்கள்!

உணர்ந்ததை உணர்தலுக்கு அளவைவாதி சொல்லும் உதாரணம் நகைப்பூட்டுவது: குளிருக்கு நெருப்பு மருந்து என்று கூறுதல். கியா பார்மின் மார்கழிக் குளிரில் நின்று இதனைப் படித்தால் நகை இரட்டிக்கும். நம் கூட்டங்களில், “தமிழர் ஒன்றுபடவேண்டும், கல்வியே கண்” என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு மாலை வாங்கிக்கொண்டு இறங்குவோர் இவ்வழுவின் புரவலர்கள். கேட்டவன் முன்பே அறிந்ததை மறுபடி கேட்டுவிட்டுப் போகிறான். எண்ணம் ஓரடியும் நகரவில்லை.

கடைசியாக நினைப்பு. காரணம் ஏதும் இன்றி, பிறர் சொன்னார் என்பதனாலேயே ஒன்றைக் கொள்ளுதல். ‘இவர்கள் உன் தாய் தந்தையர்’ என்று பிறர் சொல்ல, அவ்வாறே கருதிக்கொள்வது அளவைவாதியின் உதாரணம். காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் திறப்போர் இவ்வழுவைப் பற்றி நம்மிடம் கேட்டறிய வேண்டியதில்லை. எவரோ எழுதி, எவரோ அனுப்பி, மாமன் வழியாக நமக்கு வந்துசேரும் செய்தியை, மாமன் அனுப்பினார் என்னும் ஒரே காரணத்தால் பத்துப் பேருக்கு நாமும் அனுப்பிவிடுகிறோம். மாமன் நல்லவர், செய்தி நல்லதோ?

பத்து வழியும் இரண்டு வழியும்

அளவைவாதி எண்ணிய பத்து வழிகளுள் ஐதிகம் என்பது ஒன்று. ‘இம்மரத்தில் பேய் உண்டு’ என்று உலகத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதைக் கேட்டுத் தெளிவது அது. அவன் அதனை அறிவின் வழியாகவே எண்ணுகிறான். லயத்துப் பிள்ளைகளாக வளர்ந்த நம்மில் பலருக்கு இப்படி ஒரு மரமாவது உண்டு. அந்தி சாய்ந்தால் அவ்வழியே போகமாட்டோம். போகாததனால் பேயைக் கண்டதுமில்லை. காணாததனால் பேய் இல்லை என்று அறிந்ததுமில்லை. நம்பிக்கை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் விதம் இது.

29ஆம் காதையில் அறவண அடிகள் இக்கணக்கை ஒரே அடியாகச் சுருக்கிவிடுகிறார். அளவைகள் இரண்டே, ஒன்று காண்டல், மற்றொன்று கருதல். ஏனையவற்றுள் தேறுவன எல்லாம் கருதலுள் அடங்கும். மரத்துப் பேய்க்கு இவ்விரண்டிலும் இடமில்லை. ஊர் சொல்லிற்று, நூல் சொல்லிற்று, பெரியவர் சொன்னார் என்பவை தாமே சான்றாகா. கண்டதா, கண்டதிலிருந்து முறையாகக் கருதியதா என்று கேட்டுத்தான் ஏற்கவேண்டும் என்பது இதன் பொருள். பகுத்தறிவு இயக்கத்தார் மேடைகளில் முழங்கிய கேள்வி, பழந்தமிழ்க் காப்பியம் ஒன்றில் ஒரு துறவியின் வாயிலிருந்து அமைதியாக வருகிறது.

இப்பகுதி வடமொழியிலுள்ள நியாயப்பிரவேசம் என்னும் பௌத்த அளவை நூலோடு நெருங்கி ஒத்திருப்பதை அறிஞர் காட்டியிருக்கின்றனர். அதனால் சாத்தனாருக்கு இழுக்கு ஒன்றுமில்லை. அறிவை எங்கிருந்தும் பெற்று, தன் மக்கள் மொழியில் வழங்குவது புலவன் கடமை.

ஏதுவின் மூன்று இயல்புகள்

‘இம்மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம்; ‘புகை இருப்பதனால்’ என்பது ஏது; ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம். இவ்வாறு அமைந்த கருதலில் ஏது செம்மையானதா என்று அறிவதற்கு அறவண அடிகள் மூன்று இயல்புகளைக் கூறுகிறார். ஏது, நாம் பேசும் பொருளில் இருக்கவேண்டும். அதைப் போன்ற பிற பொருள்களிலும் இருக்கவேண்டும். அதற்கு மாறான பொருள்களில் இல்லாதிருக்கவேண்டும். அதாவது மலையில் புகை இருக்கவேண்டும். நெருப்புள்ள அடுக்களையிலும் புகை இருக்கவேண்டும். நெருப்பில்லாத ஏரியில் புகை இருத்தலாகாது.

முதல் இரண்டையும் நாம் தாமாகவே செய்துவிடுகிறோம். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம். பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளவியலார் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை இதனை அழகாகக் காட்டிற்று. 2, 4, 6 என்னும் மூன்று எண்கள் தம் மனத்திலுள்ள ஒரு விதிக்குப் பொருந்துவன என்று கூறி, வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து அவ்விதியைக் கண்டுபிடிக்குமாறு கேட்டார். பெரும்பாலோர் ‘இரண்டு இரண்டாகக் கூடும் எண்கள்’ என்பது போன்ற ஒன்றை எண்ணிக்கொண்டு, 8, 10, 12 என்றும், 20, 22, 24 என்றும் தம் எண்ணத்துக்கு இசைவனவற்றையே கேட்டார்கள். ஒவ்வொன்றும் பொருந்தியது. மகிழ்ந்து விதியைச் சொன்னார்கள், தவறாயிற்று. ஏறிச்செல்லும் எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதே உண்மை விதி. 1, 2, 9 என்று ஒருமுறை தம் எண்ணத்துக்கு மாறாகக் கேட்டிருந்தால் போதும். விபக்கத்தை, அதாவது மாறான இடத்தை, அவர்கள் சென்று பார்க்கவில்லை.

நாலு நம்பர் எழுதும் நம்மவர் செயலும் இதுவே. கனவில் வந்த எண் ஒருமுறை அடித்தால், பத்து ஆண்டுக்கு அந்தக் கதை தோட்டமெங்கும் உலவும். கனவு வந்தும் அடிக்காத இரவுகளுக்குக் கணக்கெழுதி வைத்தவர் எவரேனும் உண்டா? சபக்கத்தை மட்டும் எண்ணி, விபக்கத்தைக் குப்பையில் போட்டுவிட்டுச் சம்பளத்தையும் உடன் போட்டுவிடுகிறோம்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. “தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது.” இவ்வாக்கியத்தை வெள்ளைக்காரத் துரை சொல்லக் கேட்ட தலைமுறை மறைந்துவிட்டது, இன்று இதனைச் சொல்வோர் நம்மவரே. நாம் அறிந்த ஒரு சிறுவன், பள்ளியில் மூன்றாண்டு மக்கு என்னும் பட்டத்தோடு பின்வரிசையில் அமர்ந்திருந்தான். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதினால் பிழை மலியும். வாயால் சொல்லிக்கொடுத்தால் அப்படியே ஒப்பிப்பான். இரண்டும் ஆசிரியருக்குத் தெரியும், தாய்க்கும் தெரியும். ஆயினும், ‘தேர்வில் தவறினான், ஆதலால் மக்கு, அவன் அண்ணனைப் போல’ என்று பக்கமும் ஏதுவும் திட்டாந்தமும் நிரம்பிய ஓர் அனுமானம் முன்பே ஆயத்தமாக இருந்தது. நகரத்திலிருந்து வந்த அத்தை ஒருத்திதான், “புள்ளைக்குக் கண்ணு தெரியுதான்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். கண்ணாடி வந்தது. பையன் முன்வரிசைக்கு வந்தான். அண்ணனுக்கும் அதே கண்தான் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனால் அவன் அதற்குள் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அந்த அண்ணனை நினைக்குந்தோறும் நமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அத்தை செய்தது என்ன? தேர்வில் தவறுதல் என்னும் ஏது, மந்தபுத்தி இல்லாத இடத்திலும் இருக்கக்கூடுமே என்று கேட்டாள். கண் மங்கியவனும் தவறுவான். காலையில் உண்ணாது வந்தவனும் தவறுவான். இரவில் தம்பி தங்கையைத் தூக்கிச் சுமந்தவனும் தவறுவான். ஆகவே தவறியதனாலேயே மக்கு என்பது பெறப்படாது. அவள் அறவண அடிகளைக் கேள்விப்பட்டதும் இல்லை. இரு காதைகளையும் கரைத்துக் குடித்த புலவர் ஒருவர் அப்பள்ளியில் இருந்து, இக்கேள்வியைக் கேளாதிருந்திருந்தால், அவர் படிப்பை நாம் என்னென்பது? அளவை நூலின் பயன் அத்தையின் கேள்வியிலே இருக்கிறது.

நூலின் குறைகள்

நிற்க. புகழ்ந்த அளவுக்கு நூலை இடித்துரைக்கவும் வேண்டும்.

முதலாவது, தன் கருவியைத் தன்மீதே நூல் திருப்பிப் பார்க்கவில்லை. காண்டலே போதும், இவ்வுலகமே உண்மை, மறுமை பொய் என்று பூதவாதி கூறுகிறான். முற்பிறப்பை அறிந்தவர் இல்லையோ என்று மணிமேகலை நகைக்க, அது தெய்வ மயக்கமோ கனவோ பித்தோ ஆகலாம், ஐயத்துக்குரியது என்று அவன் விடையிறுக்கிறான். அதற்கு அவள், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று கேட்கிறாள். கேள்வி கூரியது; அவையினர் கைதட்டுவர். ஆனால் நாம் கைதட்டுமுன் சற்றுப் பொறுக்கவேண்டும். கருதல் இன்றி உலகில் வாழமுடியாது என்பதை அது நிறுவுகிறது. முற்பிறப்பு உண்டு என்பதை அது நிறுவவில்லை. பூதவாதி எழுப்பிய ஐயம் எழுப்பிய இடத்திலேயே நிற்கிறது. புலவர் அவனை வாய்மூடச் செய்து காதையை முடித்துவிட்டார். சித்தாசித்தம் என்னும் வழுவை இரண்டு காதை கழித்து விளக்கப்போகும் நூல், இங்கே ஆவியோ பனியோ என்று தெளியாமுன் நெருப்பைக் கண்டுவிட்டது.

தாய் தந்தையர் பற்றிய உதாரணம் இக்காதையில் இருமுறை வருவதையும் கவனிக்கவேண்டும். பிறர் சொன்னார் என்பதனாலேயே பெற்றோரை அறிவது நினைப்பு என்னும் வழு. காரணங்கொண்டு கருதி அறிவது செம்மையான அளவை. முடிவு ஒன்றே, ஆனால் வந்த வழி வேறு. ‘நீ சொல்வது மெய்யாகவே இருக்கலாம்; அதனை நீ எவ்வழி அறிந்தாய்?’ என்பதே சிந்தனையாளன் கேட்கவேண்டிய முதற் கேள்வி என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குகிறது. புலவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தால் காதை இன்னும் சிறந்திருக்கும்.

இரண்டாவது குறை நம்மை உறுத்துவது. இளையவள், வளையணிந்தவள் என்று எண்ணி எவரும் உனக்கு மெய்ப்பொருள் உரையார். ஆதலின் வேற்றுருக் கொள்க என்னும் தெய்வத்தின் சொற்படி, மணிமேகலை ஆண் துறவியின் வடிவு கொண்டே வஞ்சியில் சமயவாதிகளிடம் செல்கிறாள். மாதவியின் மகளுக்கு அளவை நூலைக் கற்பித்தது சாத்தனாரின் பெருமை. பெண்ணாக நின்று அவள் அதனைக் கேட்கமுடியாத உலகத்தை அவர் சுட்டிக்காட்டினார். ஆனால் அவ்வுலகத்தை ஒரு சொல்லாலும் கண்டிக்கவில்லை. ‘பெண்ணுக்கு அறிவு நூல் ஏறாது’ என்பதும் ‘தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை அல்லவோ?

மூன்றாவது, இக்காதைகள் கவிதையாகச் சுவைக்கின்றனவா என்னும் கேள்வி. பல இடங்களில் இல்லை என்பதே உண்மை. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்று அடுக்கிச் செல்லும்போது காப்பியம் பாடப்புத்தகமாகிவிடுகிறது. அவற்றுள்ளும் ‘என் தாய் மலடி’ என்பது போலத் தன் சொல்லைத் தானே வெட்டும் வாக்கியங்கள் நகைச்சுவையோடு மின்னுகின்றன; ஏனையவற்றை ஆசிரியர் உதவியோடு படிப்பதே நன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரே இந்நூலின் சமயப் பொருள் விளங்காது முதலில் திகைத்து, பின்னர் மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்த சமயச் செய்திகளைக் கேட்டறிந்து, 1898இல் இதனைப் பதிப்பித்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து, தெரிந்தவரைத் தேடிச் சென்று கேட்டது அப்பெரியாரின் சிறப்பு. நாமும் அப்படியே கேட்டுப் படிக்கலாம்.

நாம் செய்யவேண்டுவது

30ஆம் காதையில் வினாவுக்கு விடையளிக்கும் முறை நான்கு என்று கூறப்படுகிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. நம் கூட்டங்களில் வழங்குவது முதலாவது ஒன்றே. எதைக் கேட்டாலும் துணிந்து சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போவது நன்றா தீதா என்று கேட்டால், கூறிட்டு மொழியவேண்டும்: எந்தப் பிள்ளை, என்ன வேலைக்கு, என்ன சம்பளத்துக்கு, யார் துணையோடு? முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்பாரை, எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்கவேண்டும். ஆகாயப் பூ பழையதோ புதியதோ என்று வழக்காடுவாரிடம் வாய் திறவாதிருப்பதே விடை.

சீர்திருத்தம் பேசும் நாமும் இவ்வளவைக்கு விலக்கல்லர். மூடநம்பிக்கைக்காரன் தனக்கு இசைவனவற்றை மட்டும் பொறுக்கியெடுக்கிறான் என்று பழிக்கிறோம். நம் கொள்கைக்கு மாறான செய்தி ஒன்று வந்தால், அதனை நாம் எத்தனை முறை நின்று எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எதிரியின் வாதத்தில் வழுவைத் தேடும் கண், நம் வாதத்துக்கு வரும்போது மூடிக்கொள்கிறது. பகுத்தறிவு என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டதனாலேயே பகுத்தறிவு வந்துவிடாது.

ஆதலின் நம் வேண்டுகோள் இது. தோட்டத்து வாசகசாலையிலோ, பட்டணத்துத் தமிழ் மன்றத்திலோ, பள்ளியில் மாலைப்பொழுதிலோ இக்காதைகளைச் சிறிது சிறிதாக எடுத்துப் படியுங்கள். எட்டு வழுக்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தம் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவரும் உதாரணங்களுள் பெற்றோரைப் பற்றியதும் ஆசிரியரைப் பற்றியதும் இருக்கும், சினங்கொள்ளாதீர்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை அமர்ந்திருந்தால், அவனைப் பற்றி முடிவு கட்டுமுன், வேறு காரணம் இருக்கக்கூடுமோ என்று ஒருமுறை கேளுங்கள். கியா பார்மில் அந்தப் பேத்தி வெயில் ஏறும்வரை பொறுத்திருந்தாள். அவ்வளவு பொறுமை நமக்கும் கூடாததன்று.